சுண்ணாம்புக்கல்: நுரை சொல்வதும் சொல்லாததும்

தமிழ்நாட்டு வீடுகளில் சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் கிடக்கும் கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல். சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். சுண்ணாம்பு என்றால் வெள்ளை என்று பழகிய கண்ணுக்குக் கடப்பா கறுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ தெரிகிறது. வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்போடு அதற்கு உறவு உண்டு என்று தோன்றுவதில்லை. ஆனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதன்மேல் சற்று நேரம் தங்கினால் அந்த இடம் மட்டும் மெருகு போய் வெளிறிவிடுவதைச் சமைப்பவர்கள் அறிவார்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு பட்டால் சுர்ரென்று நுரைக்கும். பக்கத்தில் கிடக்கும் கிரானைட் பலகைமேல் அதே சொட்டு வெறும் ஈரமாக நிற்கும்.

நிறத்தை நம்பிச் சுண்ணாம்புக்கல்லைத் தேடப் போனால் ஏமாற்றம்தான். தூய கல் வெள்ளை. இரும்பு கலந்தால் மஞ்சளும் சிவப்பும்; உயிர்ப்பொருளின் கரி கலந்தால் சாம்பலும் கறுப்பும். தரைக்குப் போடும் தாண்டூர் கல், ஷாஹாபாத் கல், பச்சையும் நீலமுமாக வரும் ராஜஸ்தானத்துக் கோட்டா கல் எல்லாமே சுண்ணாம்புக்கற்கள்தான்.

பள்ளிப் பாடம் அமிலச் சோதனையோடு நின்றுவிடுகிறது. கல்மேல் ஆசிட் விடு, நுரைத்தால் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல் ஒரு படிவுப்பாறை, முடிந்தது பாடம். இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தமிழ்நாட்டிலேயே பல இடங்களில் செல்லாது. கல் எதனால் ஆனது என்பதை நுரை ஒரு நொடியில் சொல்லிவிடும்; எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளக் கல்லை உற்றுப் பார்க்க வேண்டும். அது கிடந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் எளிய சோதனைகள். சுண்ணாம்புக்கல்லின் உடல் கால்சைட் என்னும் கனிமம், அதாவது கால்சியம் கார்பனேட். மோஸ் கடின அளவையில் அதற்கு 3. விரல் நகத்தால் கீற முடியாது; இரும்பு ஆணியோ பேனாக்கத்தியோ தாராளமாகக் கீறும். கண்ணாடியை அது கீறாது. வெள்ளைக் கல்லைக் கண்டதும் சுண்ணாம்பு என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கண்ணாடிச் சோதனை ஒன்றே போதும். ஆற்றங்கரையிலும் காட்டுத் தரையிலும் சிதறிக் கிடக்கும் வெங்கச்சங்கல் வெள்ளையாக இருந்தாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் 7. பாட்டில் துண்டின்மேல் இழுத்தால் ஆழமாகக் கோடு போடும், ஆசிட்டுக்கு அசையாது.

ஆசிட் என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். புவியியலார் பையில் வைத்திருப்பது பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக் கரைசல், சொட்டு சொட்டாக விடும் சிறு குப்பியில். கடையில் வாங்கும் ஆசிட்டை அப்படியே கல்மேல் ஊற்றுவது கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. அது தேவையும் இல்லை. வினிகர்கூட வேலை செய்யும்; கல்லைக் கொஞ்சம் பொடித்து அதன்மேல் விட்டுக் காதருகே வைத்தால் மெல்லிய சிடுசிடுப்பு கேட்கும். வெளியேறுவது கரியமில வாயு.

பொடிக்கச் சொல்வதில் இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லின் கால்சியத்தில் ஒரு பங்கை மக்னீசியம் பிடித்துக்கொண்டால் அது டோலமைட் ஆகிவிடும். குளிர்ந்த நீர்த்த ஆசிட் டோலமைட்டின்மேல் பட்டால் அநேகமாக ஒன்றும் நடக்காது; பொடியாக்கி விட்டால் சோம்பலாக நுரைக்கும். கல்லாக இருக்கும்போது மௌனம், பொடியாக்கினால் பேச்சு என்றால் டோலமைட் என்று சந்தேகிக்கலாம். பிரெஞ்சுப் புவியியலாளர் தேயொதா தெ தொலொமியோ இந்த வித்தியாசத்தை 1791-இல் எழுதினார். கனிமத்துக்கு அவர் பெயரே நின்றது.

மக்னீசியம் முழுவதுமாக இடத்தைப் பிடித்துக்கொண்டால் மேக்னசைட். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்ற குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குச் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சாக் என்பது சுண்ணாம்புக்கல்லில் ஒரு வகை. சேலத்துக் குன்றுகளிலோ சாக் இல்லை. உள்ளூர்க்காரர்கள் ‘வெள்ளைக்கல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் அதிக எச்சரிக்கையானவர்கள் என்றே சொல்ல வேண்டும். உலைகளின் உட்சுவர் கட்டப் பயன்படும் இந்த மேக்னசைட், குளிர்ந்த நீர்த்த ஆசிட்டுக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை.

பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரில், மழை அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கும் களிமண் மேடுகளுக்குள் கண்ணாடித் தகடு போலப் பளபளக்கும் கற்கள் கிடைக்கும். அவை ஜிப்சம். நகத்தாலேயே கீறலாம், ஆசிட்டுக்கு நுரைக்காது. சுண்ணாம்புக்கல் நிறைந்த வட்டாரத்தில் கிடப்பதால் தவறாக எண்ணிவிட எளிது.

இவ்வளவும் தாண்டி, கல் கீறுகிறது, நுரைக்கிறது, கால்சைட் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது படிவுப்பாறையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கோயம்புத்தூர் பக்கத்து மதுக்கரையில் 1934 முதல் சிமென்ட் ஆலை நடக்கிறது. திருநெல்வேலித் தாழையூத்தில் 1949-இலும், சங்ககிரியில் 1960-களிலும் ஆலைகள் வந்தன. மூன்று ஊர்களிலும் வெட்டி எடுப்பதைச் சுண்ணாம்புக்கல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆலைக்கு அது போதும். ஆனால் அந்தக் கல்லை உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் கற்கண்டைப் போல மினுக்கும். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு பல்லுக்குப் பல் கோத்துக்கொண்டு நிற்கும். சிப்பியோ நத்தையோ ஒன்றுகூடத் தென்படாது. சுற்றிலும் இருப்பது நைஸ் எனும் வரிவரியான பழம்பாறை. இது ஒருகாலத்தில் கடலடிப் படிவாக இருந்து, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்குள் ஆழமாக அமுங்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமாகிவிட்ட கல். உருமாறிய பாறை, கறாராகச் சொன்னால் பளிங்கு (மார்பிள்) வகை. தமிழ்நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி இப்படிப்பட்டதே.

படிவாகவே நிற்கும் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்க வேண்டுமானால் அரியலூர் போக வேண்டும்.

கோண்டுவானா கண்டம் பிளந்து இந்தியாவின் கிழக்குக் கரை உருவான பிறகு, கிரெட்டேசியஸ் காலத்தில், கடல் இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளுக்குள் பலமுறை ஏறியும் இறங்கியும் வந்தது. அந்தக் காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இத்தகைய சுண்ணாம்புக்கல் உருவாக மூன்று சௌகரியங்கள் வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும், ஆறு கொண்டுவரும் சேறு கலக்காமல் இருக்க வேண்டும். அப்படி அமைந்த இடத்தில் பவளங்களும் பாசிகளும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிர்களும் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓடு கட்டுகின்றன, சாகின்றன, ஓடுகள் உடைந்து பொடியாகி அடுக்கடுக்காகப் படிகின்றன. கல்லக்குடியில் அப்படிப்பட்ட ஒரு பவளத்திட்டே கல்லாகி நிற்கிறது. அதே கடலில் சேறு அதிகம் வந்து சேர்ந்த இடம் காரை. அங்கே களிமண்தான் மிஞ்சியது. இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

கல்லக்குடி என்றதும் தமிழ் வாசகருக்கு 1953 நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயர்ப்பலகையை எதிர்த்த ரயில்நிலையப் போராட்டம் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது; நிலையத்துக்குப் பழைய பெயரும் திரும்பி வந்தது. புவியியல் நூல்களில் மட்டும் அந்தப் பாறையடுக்கு இன்றுவரை ‘டால்மியாபுரம்’ என்றே வழங்குகிறது. போராட்டக்காரர்கள் பாறையடுக்குப் பட்டியலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த வட்டாரத்தின் கல்லை உலகம் கவனித்தது சிமென்ட்டுக்காக அல்ல. கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து அனுப்பிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்து வெளியிட்டார். 1860-களில் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட் அடுக்குகளை வரைபடமாக்கினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அடுத்த பத்தாண்டுக்குள் சுருளோட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளையும் நத்தைகளையும் சிப்பிகளையும் வகைபிரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதி முடித்தார். பிறகு 1936-இல் எல். ராமராவும் வியன்னாவின் யூலியஸ் பியாவும் இதே வட்டாரத்து நின்னியூர் அடுக்குகளின் சுண்ணாம்புப் பாசிகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஓடுள்ள விலங்குகளைத் தேடியவர்கள் கவனிக்காமல் விட்ட செடியினம், கல்லைக் கட்டியதில் பெரும்பங்கு வகித்தது என்பது அதில் தெரிந்தது.

இந்த வட்டாரத்தின் கருடமங்கலத்துக் கல்லைக் கையில் எடுத்தவருக்கு இவை எதுவும் புத்தகச் செய்தியாக இராது. கல் முழுவதும் சிப்பியும் நத்தையும் நெருங்கிக் கிடக்கும். வழவழப்பாகத் தேய்த்தால் அவற்றின் வெட்டுமுகங்கள் வெள்ளை வளையங்களாகத் தெரியும். இதை மெருகேற்றி ‘டிரிச்சினாபொலி மார்பிள்’ என்று விற்றார்கள். மார்பிளும் இல்லை, உருமாறவும் இல்லை. மதுக்கரைக் கல்லைச் சுண்ணாம்புக்கல் என்றும் கருடமங்கலத்துக் கல்லை மார்பிள் என்றும் அழைப்பது, இருவர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட கதைதான்.

இப்படிப் பெயர் மாறியதில் இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆந்திரத்து அமராவதிச் சிற்பங்களை முதலில் 1797-இல் காலின் மெக்கன்சி கண்டார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதி பின்னர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய் ‘எலியட் மார்பிள்ஸ்’ என்று பெயர் பெற்றது. கல்லோ பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல், படிவுப்பாறை. நுண்மணிகளால் ஆன மென்மையான கல் என்பதால்தான் உளி அவ்வளவு நுணுக்கமாக ஓடியிருக்கிறது. கடினம் 3 என்ற எண்ணின் பொருளை அங்கே ஒரு பெண் உருவத்தின் வளையல் வரிகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கிரானைட்டில் அந்த வரி அவ்வளவு எளிதில் வராது.

அரியலூர்க் கல் இன்னொரு வகையிலும் அடிக்கடி செய்தியாகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று சமூக வலைத்தளங்களில் படம் பறந்தது. பார்த்த புவியியலாளர்கள் அவை முட்டை அல்ல, அம்மோனைட் எச்சத்தைச் சுற்றித் திரண்ட படிவு உருண்டைகள் என்று விளக்கினார்கள். செத்த உயிரைச் சுற்றிச் சேற்றில் சுண்ணாம்பு இறுகி உருண்டையாவது இத்தகைய அடுக்குகளில் சாதாரணம். பக்கத்தில் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமோ வேறு கதை. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த அந்த மரத்தில் மரச்சத்தின் இடத்தைப் பிடித்தது சிலிக்கா. கத்தி கீறாது, ஆசிட் நுரைக்காது. ஒரே கடலின் படிவுகளுக்குள் புதைந்தும் இரண்டு எச்சங்கள் இரண்டு விதமாகக் கல்லாகியிருக்கின்றன.

கடலே எட்டிப் பார்க்காத ஊர்களிலும் நுரைக்கும் கல் உண்டு. கிணறு தோண்டும்போது மண்ணுக்குக் கீழே ஓரிரு முழத்தில் கைக்குச் சிக்கும் முண்டும் முடிச்சுமான சுக்கான் கல் அது. மழைநீர் மண்ணிலுள்ள கால்சியத்தைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகச் சுண்ணாம்பு முடிச்சாக இறுகுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவையில்லை, வறண்ட வானிலையும் சில ஆயிரம் ஆண்டுகளும் போதும். ஆசிட் பட்டால் நன்றாகவே நுரைக்கும். ஆனால் கையில் எடுத்தவர் ‘இங்கே கடல் இருந்திருக்கிறது’ என்று சொன்னால் தவறு. தொல்லுயிர் எச்சம் இல்லை, அடுக்கு இல்லை, உள்ளே மண்ணும் மணலும் கலந்து கிடக்கும். ஒரு துண்டை ஆசிட்டில் முழுவதுமாகக் கரையவிட்டால் அடியில் கணிசமான கசடு தங்கும். தூய சுண்ணாம்புக்கல்லில் கொஞ்சம்தான் தங்கும். சுண்ணாம்பு பிடித்த மணற்கல்லையும் இந்த வழியில் பிரித்தறியலாம்; சிமென்ட் போலப் பிடித்துவைத்த சுண்ணாம்பு கரைந்ததும் மணல் உதிர்ந்துவிடும்.

கடற்கரைக்காரர்களுக்குச் சுண்ணாம்பு கல்லாக வரவேண்டிய அவசியமே இல்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றியே வீடு கட்டினார்கள், வெள்ளையடித்தார்கள். இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்ய நடந்த முதல் முயற்சி 1904-இல் சென்னையில். அதற்கும் மூலப்பொருள் கடற்சிப்பிதான். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையையே வெட்டி எடுத்தது விபரீதமாக முடிந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. உருவாகிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல்லை வெட்டுவதற்கும் உருவாகி முடிந்ததை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் தாமதமாகவே கண்டுகொண்டது.

சுண்ணாம்புக்கல்லோடு மிக நெருங்கி வாழும் தமிழர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் மேல் அமர்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கே இல்லை. மாரியில் மட்டும் வழுக்கையாறு ஓடும். பெய்த மழை செம்மண்ணுக்குள் இறங்கி, கல்லின் வெடிப்புகளில் புகுந்து, கல்லையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையும் குழியுமாக்கியிருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாக மாறுவதால் இது நடக்கிறது. சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு செய்வதை இங்கே மழை பல லட்சம் ஆண்டுகளாகச் செய்கிறது. புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படி விழுந்த ஒரு பள்ளம். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையிலோ கடலலை படும் தூரத்தில் நன்னீர் ஊறிக் கேணியை நிரப்புகிறது.

நன்னீர் உப்புநீரைவிடச் சற்று இலேசு. ஆகவே கல்லுக்குள் அது கடல்நீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. கணக்கின் மறுபக்கம் கொடுமையானது. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறி வரப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் எடுத்த அளவுக்கும் இயந்திர இறைப்புக்கும் உள்ள தூரத்தை இந்தக் கல் மன்னிப்பதில்லை. வெடிப்பு நிறைந்த கல் நீரை வடிகட்டாமலே உள்ளே விடும் என்பதால் தோட்டத்தில் போடும் உரத்தின் நைட்ரேட் நேரே கிணற்றுக்கு வந்து சேர்கிறது. சுண்ணாம்புக்கல்லை இனங்காண்பது குடிநீர்ப் பிரச்சினையாக மாறும் இடம் இது. தன் கிணறு எந்தப் பாறையில் தோண்டப்பட்டது என்று அறிந்தவர் மலக்குழியை எங்கே வைப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும்.

கரையும் கல் கணக்கும் வைத்துக்கொள்ளும். ஆந்திரத்தின் பேலம் குகைகள், கடப்பா பலகை வரும் அதே குர்நூல் பாறைக் குடும்பத்துக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. மேகாலயத்தின் மாவ்ம்லூ குகையில் தரையிலிருந்து வளர்ந்த ஒரு சுண்ணாம்புத் தூணின் படலங்கள், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டின. 2018-இல் புவியியல் காலக்கணக்கின் கடைசிப் பகுதிக்கு ‘மேகாலயன்’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

கடைசியில் எல்லாச் சுண்ணாம்புக்கல்லும் சூளைக்கு வந்தால் ஒன்றாகிவிடுகிறது. ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பழைய முறையில் நீற்றிச் சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அந்த வாயுவை மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். சிமென்ட் அவ்வளவு தாராளமாகத் திருப்பி வாங்குவதில்லை. சிமென்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். உலகின் கரியமில வாயு உமிழ்வில் 7–8 விழுக்காடு சிமென்ட்டின் பங்கு என்பார்கள். அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளிருந்தே வருவது. காற்றாலை மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது.

அரியலூரில் கல் வைத்திருக்கும் காலக்கணக்கும் சிமென்ட்டின் கணக்கும் ஒரே குழியில் சந்திக்கின்றன. கல்லக்குடிப் பவளத்திட்டைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி குவாரிச் சுவர்களைப் பார்த்து எழுதியது. ஆலை வெட்டியிராவிட்டால் அந்த அடுக்குகள் கண்ணில் பட்டிருக்காது. வெட்டியதில் கண்ணில் பட்டதெல்லாம் கிரஷருக்குள் போய்விட்டது. வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, நல்லது. ஆனால் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்வது தனி எச்சம். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்ற வரிசை சுவரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முகப்பும் வெடி வைக்கப்படுமுன் அளந்து, படமெடுத்து, அடுக்குக்கு ஒரு துண்டு எடுத்துவைக்கச் சுரங்க உரிமத்திலேயே ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு லாரிக் கல்லின் விலைக்குள் அடங்கும். செய்வதற்குப் பக்கத்துக் கல்லூரியின் புவியியல் மாணவர்கள் இருவர் போதும்.